நாய் மலம் தின்கிறது, கன்று சாணி நக்குகிறது: அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

மாட்டுக்கு மடிநோய் என்றால் கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போதே சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். இந்த ஒரு சமாச்சாரத்துக்கு மட்டும் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கல்லாப்பெட்டிப் பக்கம் குனிந்து, “ஏனுங்க, எங்க ஊட்டு நாயி பீ திங்குதுங்க. மாத்திரை ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்பார்கள். ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்திருக்கிற நேரத்தில் நாய் அப்படிச் செய்துவிட்டால் வெசனம் இன்னும் கூடிவிடும்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் தீவனக் கடை வைத்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. நான் டாக்டர் கிடையாது. கடைக்கு வந்து போகும் கால்நடை டாக்டர்களிடம் கேட்டதும், சொந்தமாக நான் செய்த தப்புகளும்தான் கீழே இருக்கின்றன.

மாத்திரை கேட்டு வருகிறவரிடம் நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். தின்பது எது, அதற்கு என்ன வயசு? தின்பது யாருடையதை: தன்னுடையதையா, தாயுடையதையா, வேறு உருப்படியுடையதையா? பழக்கம் முன்னாலேயே உண்டா, இந்த வாரம்தான் ஆரம்பித்ததா? மாட்டுக்குச் சாணி, ஆட்டுக்குப் புழுக்கை, யானைக்கு லத்தி, கழுதைக்கு விட்டை, கோழிக்கு எச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தவர்கள் நம்மாட்கள். கடைக்கு வந்ததும் எல்லாம் சேர்ந்து ‘அசிங்கம்’ என்று ஒரே சொல்லாகிவிடுகிறது. எந்த உருப்படி எதைத் தின்கிறது என்று பிரித்துச் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும்.

“நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க, இன்னைக்குக் கண்டதையும் கடிக்குது”

இதை முதலில் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சாணி, கல், குச்சி, மண் என்று சம்பந்தமில்லாததை எல்லாம் திடீரென்று ஒரு மாடோ நாயோ வாயில் போட ஆரம்பித்து, கூடவே எச்சில் நூல் நூலாக ஒழுகி, தண்ணீரை விழுங்க முடியாமல் தவித்தால், வெறிநோயோ என்ற சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். மாட்டில் குரல் மாறும். கரகரத்த தொண்டையில் விடாமல் கத்தும், ஒன்றும் வராமலேயே முக்கும், ஆளைக் கண்டால் முட்ட வரும். சிலது எதிர்மாறாக ஒடுங்கிப்போய் நிற்கும்.

நம்ம பக்கம் செய்கிற பெரிய தப்பு, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவது. விடாதீர்கள். எச்சில்தான் நோயைப் பரப்புவது. உருப்படியைத் தனியாகக் கட்டுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஏற்கெனவே கையில் எச்சில் பட்டுவிட்டால், கீறல் இருக்கிறதோ இல்லையோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி விசயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். “சும்மா நக்குச்சு அவ்வளவுதானுங்க” என்று இருந்துவிடாதீர்கள்.

இந்த அறிகுறி எதுவும் இல்லை, உருப்படி தெம்பாக இருக்கிறது என்றால், நிதானமாகக் கீழே படிக்கலாம்.

“முசல் அதோட பின்னாடியே வாயை வெச்சு எதையோ திங்குதுங்க”

தின்னட்டும். மருந்து வேண்டாம்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். கடை ஆரம்பித்த புதிதில் வீட்டில் நாலு முயல் வளர்த்தேன். விடியக்காலை 5 மணி இருக்கும், கூண்டுப் பக்கம் டார்ச் அடித்தால் ஒரு பெட்டை முன்னங்காலை அகட்டி உட்கார்ந்து, தலையை வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய் எதையோ வாங்கி விழுங்கியது. மெல்லவே இல்லை. கம்பி அடித்தளத்தில் ஒரு கொத்து மட்டும் சிந்திக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன உருண்டை ஒன்றோடு ஒன்று ஒட்டி, பிஞ்சுத் திராட்சைக் குலை மாதிரி, மேலே சவ்வு பூசிய மினுமினுப்பு. விரலில் நசுங்கியது, நாற்றமும் கடுமை. பகலில் போடும் காய்ந்த புழுக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வயிற்றுப்போக்கு என்று முடிவு கட்டி, கடையில் இருந்த அமாக்சிசிலினைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அதற்கப்புறம்தான் நிஜமான வயிற்றுப்போக்கு வந்தது. மூன்றாம் நாள் முயல் செத்துப்போனது.

நடந்தது இதுதான். முயல் தின்ற புல்லில் ஒரு பகுதி குருட்டுக்குடலில் தங்கி நுண்ணுயிர்களால் புளிக்கிறது. அங்கே உண்டாகும் புரதம், பி வகை வைட்டமின்கள், வைட்டமின் கே எல்லாம் அந்த மெத்தென்ற உருண்டைகளில் வெளியே வருகின்றன. குடலில் அந்த இடத்துக்கு அப்பால் அவற்றை முழுசாக உறிஞ்ச வசதி இல்லாததால் முயல் அவற்றைத் திரும்ப வாய்வழியாகவே அனுப்புகிறது. மாடு அசைபோடுகிற மாதிரிதான் இதுவும். மாடு மேலே கொண்டுவந்து மெல்லும், முயல் சுற்றிக் கொண்டுபோய் விழுங்கும். இந்த வேலை பெரும்பாலும் ராத்திரியிலும் விடியலிலும் நடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. ஆசனவாயிலிருந்தே நேராக வாங்கிக்கொள்வதால் கம்பித் தளம் போட்டாலும் நிற்காது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின் மாதிரி மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குருட்டுக்குடலில் இருக்கும் நல்ல கிருமி அழிந்து, நச்சு உண்டாக்கும் கிருமி பெருகிவிடும். இன்றைக்கும் முயல் என்று சொல்லி அந்த மாத்திரை கேட்டால் நான் கொடுப்பதில்லை.

கவலைப்பட வேண்டியது எதிர்ப்பக்கம்: அந்த மெத்தென்ற உருண்டைகளை முயல் தின்னாமல் விட்டால். காலையில் கூண்டில் குலை குலையாகக் கிடக்கும், இல்லை பின்பக்கத்து முடியில் அப்பிக்கொள்ளும். முக்கால்வாசி நேரம் காரணம் குச்சித் தீவனத்தை அளவில்லாமல் போட்டதுதான். வயிறு நிறைந்த முயலுக்கு இதில் நாட்டம் இருக்காது, கொழுத்த முயலால் குனியவும் முடியாது. அடர்தீவனத்தைக் குறைத்து, காய்ந்த கொழுக்கட்டைப்புல், கூட வேலிமசாலோ குதிரைமசாலோ கொடுங்கள். அப்படியும் விட்டுவைத்தால் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பல் கோணலாக வளர்ந்திருக்கலாம், பாதத்தில் புண் இருக்கலாம். இரண்டு வகைப் புழுக்கையும் இல்லாமல் வெறும் தண்ணீராகப் போனால்தான் அது கழிச்சல். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

“நாயி தன்னோடதையே திங்குது, இல்லாட்டி ரோட்டுல கெடக்கறதத் திங்குது”

‘நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்’ என்று ஆரம்பிக்கும் பழமொழியை நாம் வாலைக் குழைப்பதோடு நாகரிகமாக நிறுத்திக்கொள்கிறோம். முழுசாகச் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பழமொழி வைக்கும் அளவுக்குப் பழைய வழக்கம் இது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்பவரும் அவருடைய குழுவும் நாய் வளர்ப்பவர்களிடம் இதைப் பற்றி விசாரித்து 2018-ல் கட்டுரை வெளியிட்டார்கள். 100 நாய்க்கு 16 நாய் வீதம், தின்றதை வளர்ப்பவரே குறைந்தது ஆறு முறை கண்ணால் பார்த்திருக்கிறார். அவை தின்றது பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட புதிய மலத்தை. ‘சோறு வைத்தால் அள்ளி விழுங்குகிற’ ரகத்து நாய்களில் பழக்கம் அதிகம். என்ன தீவனம் போடுகிறோம் என்பதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. அவர்கள் வைத்த ஊகம் ஓநாய்க் காலத்துக்குப் போகிறது. மலத்தோடு வரும் புழு முட்டைகள் தொற்றும் நிலைக்கு முதிரச் சில நாள் ஆகும். அதற்குள் தின்று தீர்த்துவிட்டால் குகைப் பக்கம் சுத்தமாக இருக்கும். ஊகம்தான், ஆனாலும் ‘புதுசை மட்டும்’ என்ற விசயத்துக்கு அது பொருந்தி வருகிறது.

ஆகவே நாய் கொழுகொழுவென்று இருந்து, குட்டியிலிருந்தே இந்தப் பழக்கம் இருந்தால், சத்துக் குறைவு என்று டானிக் வாங்கி ஊற்றுவதில் பயன் இல்லை. டானிக் விற்கிற நானே சொல்கிறேன். பழக்கத்தை நிறுத்துவதாக விற்கும் 11 வகைப் பொருட்களையும் அதே குழு விசாரித்தது. வேலை செய்தது என்று சொன்னவர்கள் 100-க்கு 2 பேருக்கு மேல் எதற்கும் இல்லை. மிளகாய்த்தூள் தூவுவது நம்ம ஊர் வைத்தியம். திருப்பூரிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர் வீட்டு லாப்ரடாருக்கு அதைச் செய்து பார்த்தார். நாய் நாலு தும்மல் போட்டுவிட்டுத் தின்று முடித்ததாம்.

பழக்கம் புதுசாக வந்தது என்றால் கதையே வேறு. நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போகிறதா? மலம் குவியல் குவியலாக, வெளிறி, எண்ணெய்ப் பசையோடு இருக்கிறதா? கணையம் செரிமான நீரைச் சரியாகச் சுரக்காத நோயாக இருக்கலாம். செரிக்காத கொழுப்பும் புரதமும் அப்படியே வெளியே வருவதால் நாய்க்கு அது சோறு மாதிரியே மணக்கும். இதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, சோற்றில் கலந்து கொடுக்க நொதி மருந்தும் உண்டு. மெலிவோடு வயிறு மட்டும் உப்பி, மலத்தில் புழு தெரிந்தால் குடற்புழு மருந்து. தண்ணீரும் அதிகமாகக் குடித்து மூத்திரமும் அதிகமாகப் போனால் சர்க்கரை நோயா என்று பார்க்க வேண்டும். சொறிக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஓடுகிறது என்றால் அந்த மாத்திரையே பசியைக் கிளப்பிவிடும். மருந்து முடிந்ததும் தானாக அடங்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தோட்டத்து நாய்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த நோய் எதுவும் இல்லை, வெறும் பசி. ராத்திரி மிஞ்சின சோற்றில் ரசமோ மோரோ ஊற்றி ஒரே வேளை வைப்பார்கள். காலை முழுக்கக் கட்டிக் கிடக்கும். அதையே இரண்டு வேளையாகப் பிரித்து, முட்டையோ கருவாட்டுத் தலையோ வேகவைத்த கோழிக் குடலோ சேர்த்தால் பத்து நாளில் வித்தியாசம் தெரிகிறது.

மற்றபடி, போட்ட உடனே அள்ளுவதுதான் ஒரே மருந்து. காலையில் கயிற்றோடு கூட்டிப் போங்கள். போட்டு முடித்ததும் கூப்பிட்டு, உங்கள் கையிலிருந்து ஒரு துண்டு ரொட்டி கொடுத்துவிட்டு, அது மெல்லும் நேரத்தில் அள்ளிவிடுங்கள். தின்னும்போது அடித்தாலோ துரத்தினாலோ, பிடுங்கிக்கொள்ள வருகிறீர்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக விழுங்கும். வீட்டுக்குள் அசிங்கம் செய்த குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். தடயத்தை மறைக்கக் குட்டி அதைத் தின்னக் கற்றுக்கொள்ளும் என்று டாக்டர் ஒருவர் சொன்னார், எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஆட்டுக்கோ குதிரைக்கோ புழு மருந்தான ஐவர்மெக்டின் கொடுத்திருந்தால் சில நாளைக்கு அந்தப் பட்டிப் பக்கம் நாயை விடாதீர்கள். மருந்து சாணியோடு வெளியே வரும். கோலி ரகத்து நாய்கள் சிலவற்றுக்கும் அவற்றின் கலப்புக்கும் அது நரம்பைப் பாதிக்கும்.

“ஈன்ற நாயி குட்டிங்களோடதை நக்கித் திங்குது”

தாய் அப்படித்தான் செய்ய வேண்டும். பிறந்து மூன்று வாரம் வரை தாய் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரமும் மலமும் இறங்கும். இறங்கியதைத் தின்றுவிட்டால் படுக்கை சுத்தம், வாடை பிடித்து வேறு எதுவும் வராது. பூனையும் இப்படித்தான். குட்டி சோறு தின்ன ஆரம்பித்ததும் தாய் விட்டுவிடும்.

“கன்னுக்குட்டி ஆத்தாளோட சாணிய நக்குது, மண்ணைத் திங்குது”

வயசைச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வாரத்துக் கன்று எப்போதாவது சாணியில் நாக்கைப் போட்டால் எனக்குப் பயம் இல்லை. பிறக்கும்போது அதன் அசைபோடும் வயிறு வேலை செய்வதில்லை. புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வெளியிலிருந்துதான் வந்து குடியேற வேண்டும். சத்தியமங்கலம் காட்டில் யானைக்குட்டி தாயின் லத்தியை எடுத்து வாயில் வைப்பதும் இதற்குத்தான்.

ஆனால் கன்றுக்குக் கட்டுத்தரையில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேறு வழி உண்டு. இரண்டாம் வாரத்திலிருந்தே ஒரு பிடி காய்ந்த புல்லும், கை நிறையக் கன்றுத் தீவனமும் எட்டும் உயரத்தில் வையுங்கள். தாயோடு சேர்ந்து புல்லைக் கடித்தாலே நுண்ணுயிர் வந்துவிடும். சாணிவழி வருவதில் தீங்கும் உண்டு: ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் காக்சிடியா, சால்மோனெல்லா, அதைவிட மோசமாக ஜோனீஸ் நோய். ஜோனீஸ் கிருமி கன்றுப் பருவத்தில் பெரிய மாட்டின் சாணி வழியாகப் போய்விட்டு, வருசக்கணக்காகச் சும்மா இருந்து, நல்ல கறவையில் இருக்கும்போது தீராத கழிச்சலாக வெளியே வரும். கழிந்துகொண்டே மெலிகிற மாடு கட்டுத்தரையில் இருந்தால், அதன் பக்கம் எந்தக் கன்றையும் கட்டாதீர்கள்.

சாணியும் மண்ணும் தினப்படி வேலையாகிவிட்டது, முடி சிலிர்த்து வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது என்றால் இரண்டு காரணம்தான் நான் முதலில் பார்ப்பேன். முதலாவது பால். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினம் வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். சொசைட்டிக்கு ஊற்றுகிற அவசரத்தில் மடியை ஒட்டக் கறந்துவிட்டு, காலியான காம்பைச் சப்ப விடுவார்கள். “ஊட்டிட்டுத்தானுங்க இருக்குது” என்பார்கள். ஊட்டுகிறது, வருகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது குடற்புழு. உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே கன்றுக்கு வரும், எருமைக்கன்றில் இன்னும் அதிகம். அதனால் பிறந்து 10 முதல் 15 நாளுக்குள் முதல் மருந்து, பிறகு ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவை. அளவு கன்றின் எடைக்கு ஏற்ப, டாக்டர் சொல்கிறபடி.

இரண்டும் சரியாக இருந்தும் நக்கினால் வாய்க்கூடு போடலாம். ஆனால் கூட்டை முதலில் வாங்க வருகிறவர்கள்தான் அதிகம். நார் பின்னிய கூட்டுக்குள் வாயை அடைத்துவிட்டால் மண் தின்பது நிற்கும், பசி நிற்காது.

“கறவை மாடு மூத்திரம் குடிக்குது, எலும்பைக் கடிக்குது, துணியத் திங்குது”

இந்தத் தலைப்பில்தான் நம் பக்கத்துச் சங்கதி அதிகம். பங்குனி, சித்திரையில் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப்புல் காய்ந்து வெளுத்துப்போயிருக்கும். வெள்வேலங்காய் விழுந்தால்தான் உண்டு. கட்டுத்தரையில் சோளத்தட்டும் வைக்கோலும்தான். இரண்டிலும் பாஸ்பரஸ் மிகக் குறைவு. வைக்கோலில் உள்ள ஆக்சலேட்டு சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போதுதான் மாடுகள் சாணியை நக்குவதும் எலும்பைத் தேடுவதும் ஆரம்பமாகும்.

எதைத் தேடுகிறது என்று பார்த்தால் எது குறைகிறது என்று ஓரளவு கணிக்கலாம். பக்கத்து மாட்டின் மூத்திரத்தையும் வியர்த்த கயிற்றையும் நக்கினால் உப்பு. தினம் 30 கிராம் உப்பைத் தீவனத்தில் கலந்து பாருங்கள், இல்லை உப்புக்கட்டியைத் தொங்கவிடுங்கள். மூன்றாம் நாளே தெரிந்துவிடும். எலும்பு, மண், சாணி என்றால் பாஸ்பரஸ். கூடவே மூட்டு விறைத்து நடக்கும், பருவத்துக்கு வராது, பால் குறையும். கன்று ஈன்ற சில வாரத்தில் மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலிலும் மூத்திரம் அப்படிப் போகும் என்பதால் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தாது உப்புக் கலவை வளர்ந்த மாட்டுக்கு நாளைக்கு 30 முதல் 50 கிராம். தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும் பாஸ்பரஸ் நிறைய உண்டு. விலை ஏறிவிட்டது என்று முதலில் நிறுத்துவதும் அந்த இரண்டைத்தான்.

எலும்பு கடிப்பதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் மாடுகள் கூட்டம் கூட்டமாகக் கால் விழுந்து சாகும் ஒரு நோய் இருந்தது. 1920-ஐ ஒட்டி ஆர்னால்டு தெய்லர் என்ற கால்நடை அறிஞர் அதன் முடிச்சை அவிழ்த்தார். மேய்ச்சல் மண்ணில் பாஸ்பரஸ் இல்லை, அதனால் மாடு எலும்பைக் கடிக்கிறது, எலும்பில் ஒட்டியிருக்கும் அழுகலில் பாட்டுலினம் என்ற கிருமியின் நச்சு, அந்த நச்சில் உடம்பு தளர்ந்து சாகிறது. எலும்புத்தூளைத் தீவனத்தில் கொடுத்ததும் மாடுகள் எலும்பை விட்டன. நம்ம பக்கம் அந்த எலும்புக்குப் பதில் கோழி எரு இருக்கிறது. பல்லடம், நாமக்கல் பக்கத்திலிருந்து லாரியில் வரும் எருவில் செத்த கோழியும் கலந்து வந்தால் அதே நச்சு அதில் உண்டாகலாம். தென்னந்தோப்பில் கொட்டி வைத்த எருக்குவியலை மாடு கிளறவிடாதீர்கள். காய்ச்சல் இல்லாமல், நாக்கு தொங்கி, பின்கால் துவண்டு மாடு படுத்தால் எரு, எலும்பு இரண்டையும் பற்றி டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவராக எருவைப் பற்றிக் கேட்கத் தோன்றாது.

துணி, கயிறு, பாலித்தீன்: இதுவும் அதே ஆசையில் ஆரம்பிப்பதுதான், ஆனால் முடிவு வேறு. வண்டி துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட்டைக் கட்டுத்தரையில் போட்டுவைக்காத வீடு நம்ம பக்கம் குறைவு. உள்ளே போன பனியன் துணி வெளியே வராது. அசைபோடுவது நின்று, இடப்பக்க வயிறு உப்பிப்போனால் தாது உப்பு உதவாது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். கம்பித் துண்டு போனால் இதயத்தைச் சுற்றியுள்ள பை வரைக்கும் குத்தும். பழைய பேட்டரியையும் பெயிண்ட் டப்பாவையும் கன்றுகள் நக்கினால் ஈயம் ஏறிக் கண் தெரியாமல் சுவரில் முட்டும்.

தாது உப்பு, உப்பு, தவிடு எல்லாம் ஒழுங்காகப் போகிறது, இருந்தும் ஈன்று ஒன்றிரண்டு மாசமான நல்ல கறவை மாடு சாணியையும் சுவரையும் நக்குகிறதா? அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டுத் தட்டை மட்டும் தின்கிறதா என்று பாருங்கள். மூச்சை முகர்ந்து பாருங்கள். நகப்பாலீஷ் அழிக்கும் தண்ணீரின் இனிப்பு வாடை அடித்தால் அது கீட்டோசிஸ். பால் கொடுக்கிற வேகத்துக்குத் தீவனம் ஈடுகொடுக்காமல் உடம்புக் கொழுப்பைக் கரைக்கிறது. டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் நக்குவது நின்றுவிடும்.

ஈன்ற உடனே மாடு நஞ்சுக்கொடியைத் தின்னப் பார்க்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. காட்டில் வாடை பிடித்து வேட்டை மிருகம் வராமலிருக்க உதவும் குணம். கட்டுத்தரையில் அதற்குத் தேவை இல்லை, தொண்டையில் சிக்கவும் செய்யும். விழுந்ததும் எடுத்து வைக்கோலில் சுருட்டிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுகிற வழக்கத்தின் நம்பிக்கை எனக்குத் தெரிந்தவரை பாலைப் பற்றியது. மாட்டின் வாய்க்கு எட்டாமல் வைக்கிற அளவில் அது நல்ல ஏற்பாடு.

“கோழி சாணியைக் கிளறிக் கிளறித் திங்குது”

கோழியை விட்டுவிட்டு மாட்டைப் பாருங்கள். நாட்டுக்கோழி எருக்குழியில் புழு பொறுக்குவது எப்போதும் உள்ளதுதான். ஆனால் பச்சைச் சாணியைப் போட்டவுடனே நாலு கோழி ஓடிவந்து விழுந்தால், அதில் முழு மக்காச்சோளம் கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு குவியலை எடுத்துச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினால் தெரியும். நீங்கள் காசு கொடுத்து வாங்கின சோளம் மாட்டுக்குள் புகுந்து அப்படியே வெளியே வருகிறது. இன்னும் கொஞ்சம் பொடியாக உடைத்துப் போடுங்கள், தானியத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள்.

கொட்டகைக்குள் ஆழ்கூளத்தில் வளரும் கோழி கூளத்தையும் எச்சத்தையும் கொத்தும். 1940-களில் அமெரிக்காவில் இதை வைத்தே ஒரு விசயம் பிடிபட்டது. புரதத்துக்குப் புண்ணாக்கு மட்டும் தின்ற கோழிகளின் முட்டை சரியாகப் பொரியவில்லை, மாட்டுச்சாணி சேர்த்ததும் பொரிந்தது. சாணியில் இருந்த அந்தப் பொருள் வைட்டமின் பி12; அதைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1948-ல். இப்போது தீவனத்திலேயே பி12 இருக்கிறது. அதனால் கூளம் ஈரமாக இருந்தால் கொத்துவதில் நஷ்டம்தான். காக்சிடியா முட்டை ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து தொற்றும். எச்சத்தில் ரத்தம் கண்டால் அன்றே மருந்து, கூளத்தைக் கிளறிச் சுண்ணாம்பு தூவிக் காயவையுங்கள். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒன்று பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தால் பயப்படாதீர்கள், குருட்டுக்குடலிலிருந்து வருவது அப்படித்தான் இருக்கும்.

பன்றிக்குட்டி தாயின் சாணத்தைத் தின்றால் இரும்புச்சத்து ஊசி போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். பிறந்த மூன்றாம் நாளை ஒட்டிப் போட வேண்டியது. பெரிய பன்றி மனித மலம் இருக்கும் இடத்துக்குப் போகாமல் அடைத்து வளர்க்க வேண்டும். நாடாப்புழு முட்டை அந்த வழியாகத்தான் பன்றிக்கறிக்குள் கட்டியாக உட்காருகிறது.

“குதிரைக்குட்டி ஆத்தாளோட லத்தியைத் திங்குது”

இரண்டு மாசம் வரைக்கும் தின்னும். கன்றுக்கு நடப்பது மாதிரி இதற்கும் குடலில் நுண்ணுயிர் குடியேற வேண்டும். வளர்ந்த குதிரை தின்றால்தான் தீவனத்தைப் பார்க்க வேண்டும்: நார் குறைவா, புரதம் குறைவா, நாள் முழுக்க ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கிறதா என்று.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்கு ஒரு வருசம் சந்தை பார்க்கப் போயிருந்தேன். தாயும் குட்டியுமாக நின்ற இடத்தில் பேரம் நடந்துகொண்டிருந்தது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துக் கொஞ்ச நேரம் போயிருக்கும், அந்த நேரம் பார்த்துக் குட்டி குனிந்து புதுசாக விழுந்த லத்தியில் ஒரு வாய் எடுத்தது. வாங்க வந்தவர் விரலை உருவிக்கொண்டார். “ஏனுங்க, சீக்குக் குட்டியத் தலையில கட்டப் பாக்கறீங்களா? இன்னும் மூவாயிரம் கொறைங்க.” விற்க வந்த பெரியவர் கூசிப்போய்க் குட்டியின் வாயைத் துண்டால் துடைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணா, அது சீக்கு இல்லீங்க, இந்த வயசுக் குட்டி திங்கறதுதான், திங்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். பெரியவர் நிமிர்ந்தார், குறைக்க மாட்டேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டார். வாங்க வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.